‘நல்லா இருக்கா?’ என்று கேட்க வைக்காத கைவேலைகள்

வண்ணத்தாளில் பூ வெட்டி ஒட்டி முடித்த பிள்ளை, அடுத்த நொடி அதை நம் முகத்துக்கு நேரே நீட்டும். “நல்லா இருக்கா?” நல்லா இருக்கு என்றதும் பூவின் கதை முடிந்தது. “அடுத்து என்ன?” என்று மறுபடி வந்து நிற்கும். மொத்தம் 20 நிமிடம். காற்றாடி செய்த பிள்ளை நம்மிடம் வராது, காற்று வரும் பக்கம் ஓடும். சுற்றினால் ஒரு மணி நேரத்துக்கு நம் ஞாபகமே இருக்காது. சுற்றாவிட்டால் ஏன் என்று பிரித்துப் பார்க்கும்.

விடுமுறைக்குக் கைவேலை தேடும்போது இந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே போதும். செய்தது சரியா தப்பா என்பதை அந்தப் பொருளே சொல்லிவிட வேண்டும். மார்க் போடும் வேலை நமக்கு வரக்கூடாது. சுழல்வது, மிதந்து விழுவது, பேசுவது, அசைவது எல்லாம் இந்த ரகம். இன்னொரு ரகமும் உதவும்: ஒரே நாளில் முடியாதவை. காயவைக்க வேண்டியது, வரி வரியாக வளர்வது. காலையில் எழுந்ததும் “நேத்து வச்சது காஞ்சிருச்சா?” என்று பிள்ளை தானே போய்ப் பார்க்கிற வேலை.

பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் எழுதிய ஏ4 தாள்கள், பழைய காலண்டர் அட்டை, பொருள் வந்த அட்டைப்பெட்டி, செய்தித்தாள், பருத்தி நூல்கண்டு, மிச்சம் மீதி உல்லன் நூல், ஜெம் கிளிப், குண்டூசி, காகிதக் கப், துணி கிளிப். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கட்டர் கத்தியும் குண்டூசி டப்பாவும் மட்டும் மேலே இருக்கட்டும். ஒவ்வொரு தாளுக்கும் நம்மைக் கேட்க வேண்டியிருந்தால், வேலை செய்வது நாம்தான், பிள்ளை இல்லை.

ஒரு ஏ4 தாளில் இரண்டு ஹெலிகாப்டர்

ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். ஒரு மூலையைக் குறுக்காக மடித்துச் சதுரம் எடுத்தால், 87 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும். எல்லோரும் அதைக் கசக்கிப் போட்டுவிடுவார்கள். அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால், சுமார் 4 சென்டிமீட்டர் அகலமும் 21 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு பட்டைகள். ஆளுக்கொரு ஹெலிகாப்டர். சண்டையும் இல்லை. சதுரத்தைப் பத்திரமாக வையுங்கள், காற்றாடிக்கு ஆகும்.

பட்டையை நெட்டுக்குத்தாக வைத்து, மேல் விளிம்பின் நடுவிலிருந்து கீழே 9 சென்டிமீட்டருக்கு ஒரே நேராக வெட்ட வேண்டும். இரண்டு இறக்கை தயார். அந்த வெட்டு முடியும் இடத்திலிருந்து 1 சென்டிமீட்டர் கீழே, இடது ஓரத்திலிருந்தும் வலது ஓரத்திலிருந்தும் உள்நோக்கி அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒவ்வொரு சின்ன வெட்டு. இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது, தொட்டால் வால் கையோடு வந்துவிடும். வெட்டுக்குக் கீழே உள்ள இரண்டு ஓரங்களையும் நடுவை நோக்கி மடித்தால் மூன்று அடுக்கு வால் வரும். அதன் அடியை 2 சென்டிமீட்டர் மேலே மடித்து ஒரு ஜெம் கிளிப் மாட்டவும். கடைசியாக ஒரு இறக்கையை உங்களை நோக்கியும் மற்றதை எதிர்ப்பக்கமும் மடிக்கவும். நாற்காலி உயரத்திலிருந்து நழுவ விட்டால் போதும். எறிய வேண்டாம்.

இது ஏன் சுழல்கிறது? விழும்போது காற்று இரண்டு இறக்கைகளையும் கீழிருந்து தள்ளுகிறது. இறக்கைகள் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடுவதால், அந்தத் தள்ளலில் ஒரு பங்கு பக்கவாட்டில் போகிறது. ஒரு இறக்கை இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் தள்ளப்பட, நடுவில் உள்ள வால் திருகிக்கொள்கிறது. இரண்டையும் ஒரே பக்கம் மடித்துவிட்டால் சுழலாது. பிள்ளைகள் செய்கிற முதல் தப்பு இதுதான். சொல்லிக்கொடுக்க வேண்டாம், சுழன்ற ஒன்றையும் சுழலாத ஒன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். குட்டிக்கரணம் போட்டு விழுந்தால் அடியில் கனம் போதவில்லை, கிளிப் கழன்றிருக்கும். கல் மாதிரி தொப்பென்று விழுந்தால் கிளிப் அதிகம், அல்லது இறக்கை குட்டை.

ஓடிய பிறகுதான் வேலையே ஆரம்பம். இறக்கை மடிப்பை முன்பின்னாக மாற்றினால் எந்தப் பக்கம் சுற்றும்? ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டிக் குறைத்துக்கொண்டே போனால் எப்போது சுழல்வது நிற்கும்? இறக்கையில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தால் சுழலும்போது என்ன தெரியும்? (வட்டம் தெரியும். ஆனால் அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.)

காற்றாடி ஏன் சுற்றவில்லை

காற்றாடி எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே சரியாக வராத பொருள். 15 சென்டிமீட்டர் சதுரம் வசதி. ஏ4-ல் எடுத்த சதுரம் 21 சென்டிமீட்டர் வரும், கொஞ்சம் வெட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நோட்டுத்தாள் கனமே போதும். சார்ட் தாளில் செய்தால் பளபளப்பாக இருக்கும், சின்னக் காற்றுக்கு அசையாது.

இரண்டு மூலைவிட்டங்களையும் மடித்துப் பிரித்தால் நடுப்புள்ளி கிடைக்கும். அதைச் சுற்றி 2 சென்டிமீட்டர் தூரத்தில் பென்சிலால் குறி வைத்துவிடுங்கள். நான்கு மூலையிலிருந்தும் மடிப்பு வழியே வெட்டிக்கொண்டு வந்து அந்தக் குறியில் நிறுத்த வேண்டும். குறி இல்லாமல் வெட்டச் சொன்னால், ஆறு வயதுப் பிள்ளை நடுவரை வெட்டி நான்கு முக்கோணங்களைக் கையில் கொடுக்கும். வெட்டியபின் எட்டு முனைகள் இருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக நான்கை மட்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வளைக்க வேண்டுமே தவிர அழுத்தி மடிக்கக்கூடாது. அந்த வளைவில்தான் காற்று சிக்கித் தள்ளுகிறது. தட்டையாக மடித்தால் பார்க்க நட்சத்திரம், சுற்றாது.

குண்டூசியை நான்கு முனைகளும் நடுவும் சேரும்படி குத்தி, பின்பக்கம் ஒரு சின்ன மணி கோத்து, பிறகு பின்னால் ரப்பர் உள்ள பென்சிலின் அந்த ரப்பரில் பக்கவாட்டில் குத்தவும். ஊசிமுனை மறுபக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று பெரியவர் ஒருவர் தடவிப் பார்த்துவிட வேண்டும். பார்த்தால் கொஞ்சம் பின்னால் இழுங்கள், அல்லது முனைமேல் ஒரு ரப்பர் துண்டைச் செருகிவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் மணியும் குண்டூசியும் வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்கப்பட வேண்டும்.

மணி அலங்காரத்துக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதுதான் தாளையும் பென்சிலையும் பிரித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் தாள் பென்சிலில் உரசி நின்றுவிடும். மணி இருந்தும் சுற்றவில்லை என்றால், ஊசி போன துளை இறுக்கமாக இருக்கிறது. ஊசியைத் துளைக்குள் வைத்தே வட்டமாக நான்கு முறை சுழற்றினால் துளை தளரும். அதற்கும் மசியவில்லை என்றால் ஊசித் தலைக்கும் தாளுக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தமாகக் குத்தியிருப்பார்கள்.

கப் தொலைபேசி

இரண்டு காகிதக் கப், 6 முதல் 8 மீட்டர் நூல். கப்பின் அடி நடுவில் தையல் ஊசியால் சின்னத் துளை, நூலை உள்ளே விட்டு, உடைத்த தீக்குச்சித் துண்டில் முடிச்சுப் போட்டால் நூல் வெளியே வராது. பென்சிலால் பெரிய துளை போட்டால் குச்சி அடியைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். உல்லன் நூல் வேண்டாம். அது மெத்தென்று இருப்பதால் அதிர்வை உள்ளேயே விழுங்கிவிடும். முறுக்கான பருத்தி நூல் நன்றாகப் பேசும்.

கேட்கவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று. நூல் தொய்ந்திருக்கிறது, நூல் கதவு மூலையிலோ சுவரிலோ படுகிறது, அல்லது கப்பின் அடியைக் கையால் கவ்விப் பிடித்திருக்கிறார்கள். குரல் கப்பின் அடியை நடுங்க வைக்கிறது, அந்த நடுக்கம் நூல் வழியே ஓடி எதிர்க் கப்பின் அடியை நடுங்க வைக்கிறது. வழியில் எது தொட்டாலும் நடுக்கம் அங்கேயே சாகும். பேசும்போது நூலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், பேச்சு அறுந்துபோகும். மூன்றாவது ஆள் இருந்தால், இறுக்கமாக இருக்கும் நூலின் நடுவில் இன்னொரு கப்பின் நூலைக் கட்டி இழுத்துப் பிடிக்கலாம், மூன்று பேரும் கேட்கலாம். ரகசியம் தங்காது, அது வேறு விஷயம்.

கத்தரிக்கோலும் பசையும்

மேலே சொன்ன எதுவும் வராமல் போவதற்கு, பெரும்பாலும் யோசனை காரணமில்லை. கத்தரிக்கோல் சொன்னபடி கேட்பதில்லை, பசை வழிகிறது. இந்த இரண்டுக்கும் முதல் இரண்டு நாளை ஒதுக்கலாம், வீண்போகாது.

கத்தரிக்கோல் பிடித்தால் கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, முழங்கையைத் தூக்கிக்கொண்டு வெட்டுவார்கள். அப்படிப் பிடித்தால் கோடு கோணும். “முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கட்டும்” என்றால் பாதி சரியாகிவிடும். இன்னொன்று: வளைவு வெட்டும்போது கத்தரிக்கோல் திரும்பக்கூடாது, தாள்தான் திரும்ப வேண்டும். வெட்டாத கைதான் உண்மையில் ஓட்டுநர்.

நான்கு வயதுக்கு, 2 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளைக் கொடுங்கள், ஒரு கத்தரிப்பில் ஒரு துண்டு விழும். கோடு தேவையில்லை. விழுந்த துண்டுகளை ஒட்டிப் படம் ஆக்கலாம். ஐந்து வயதுக்கு நேர்க்கோடு, அதற்குப் பிறகு வளைவு. பழகுவதற்குச் செய்தித்தாள் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அது தொங்கிக் கத்தரிக்கோலுக்குள் மடிந்துகொள்ளும், பிள்ளை தனக்கு வெட்ட வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். காலண்டர் தாள், பழைய அழைப்பிதழ் மாதிரி விறைப்பானவைதான் பழக ஏற்றவை.

பிள்ளை இடதுகைக்காரராக இருந்தால் தனிக் கத்தரிக்கோல் வேண்டும். பிடி மாறுவது மட்டும் இல்லை. சாதாரணக் கத்தரிக்கோலில் எந்த அலகு மேலே வருகிறது என்பது வலதுகைக்குப் பொருந்தும்படி அமைந்திருக்கும். வலதுகை விரல்கள் அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்கும், இடதுகையில் பிடித்து அழுத்தினால் விலகும். தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து நிற்கும், போதாக்குறைக்கு மேல் அலகு கோட்டை மறைத்துக்கொள்ளும். மந்தமாக வெட்டுகிறது என்று கத்தரிக்கோலைச் சாணை பிடிப்பதற்கு முன் பிள்ளை எந்தக் கையில் பிடிக்கிறது என்று பாருங்கள்.

பசைக்கு ஒரே விதி: பாட்டிலைக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு மூடியில் அரை ஸ்பூன் வெள்ளைப் பசை ஊற்றி, தொட்டுத் தடவக் காது பட்ஸ் ஒன்று கொடுங்கள். வெள்ளைப் பசையில் தண்ணீர் நிறைய உண்டு. தாள் அதைக் குடித்து ஊதும், காயும்போது சுருங்கும், படம் அலை அலையாக நெளியும். தாளோடு தாள் ஒட்ட ஸ்டிக் பசை போதும். அட்டையோடு அட்டை ஒட்ட வெள்ளைப் பசையை மெல்லியதாக இரு பக்கமும் தடவி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, ஒட்டித் துணி கிளிப் போட்டு அரை மணி நேரம் மறந்துவிட வேண்டும். ஒட்டவில்லை என்று மேலும் மேலும் பசை வைப்பதால் காய்வது இன்னும் தள்ளிப் போகுமே தவிர ஒட்டாது. சூடு பசைத் துப்பாக்கி பெரியவர் கையில் மட்டும். அதன் பசை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், உதறினாலும் போகாது.

உச்சி வெயிலுக்கு நெசவு

வெளியே தலைகாட்ட முடியாத நேரத்துக்கு அட்டைத் தறி மாதிரி இன்னொன்று இல்லை. அரை மணி நேரம் நெய்து வைத்துவிட்டுப் போகலாம், மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம், எதுவும் காய்ந்துபோகாது. காகிதம் மடிப்பதும் தாள் கீற்றுகளைப் பின்னுவதும் புதிதாக யாரும் கண்டுபிடித்த பொழுதுபோக்கில்லை. 1837-இல் ஜெர்மனியில் முதல் கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் குழந்தைகளுக்கு வகுத்த கைவேலைகளிலேயே அவை உண்டு. ஐந்து வயதுக்கு அந்தத் தாள் பின்னலே சரி. ஒரு தாளை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து ஓரத்துக்கு 2 சென்டிமீட்டர் விட்டு வரிசையாக வெட்டினால், பிரித்ததும் சட்டம் தயார். வேறு நிறக் கீற்றுகளை மேலே கீழே, மேலே கீழே என்று விட வேண்டியதுதான்.

ஏழு வயதுக்கு மேல் நூல் தறி. அட்டைப்பெட்டியிலிருந்து 15 × 20 சென்டிமீட்டர் துண்டு வெட்டவும். வெட்டும்போது அட்டையின் உள்ளே ஓடும் நெளிவரிகள் 20 சென்டிமீட்டர் பக்கமாக, அதாவது பாவு நூல் (தறியில் முதலில் நீளவாக்கில் கட்டும் நூல்) ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால் பாவு இறுகியதும் அட்டை அந்த வரியில் மடங்கி வில்லாக வளைந்துவிடும். இதைக் கவனிக்காமல் வெட்டிவிட்டு அட்டையின் தரத்தைக் குறை சொல்வார்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, 1 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் 13 வெட்டுகள். இரண்டு பக்கமும் நேருக்கு நேர் வர வேண்டும். இந்த வெட்டுகளை முந்தின இரவே நீங்கள் போட்டு வைத்துவிடுவது நல்லது. கெட்டி அட்டையை வெட்டப் பிள்ளையின் கைக்கு வலு போதாது, முதல் படியிலேயே சலித்துவிடும்.

பாவுக்கு இழுபடாத பருத்தி நூல். நுனியைப் பின்பக்கம் டேப்பால் ஒட்டி, முதல் மேல்வெட்டு வழியே முன்னால் கொண்டுவந்து, முதல் கீழ்வெட்டுக்கு இறக்கி, பின்னால் விட்டுப் பக்கத்து வெட்டு வழியாக மறுபடி முன்னால் எடுத்து, மேலே ஏற்ற வேண்டும். நூல் முன்பக்கம் மட்டும் நீளமாக ஓடும். பின்பக்கம் சின்னச் சின்னத் தையல் போல் தெரியும். இறுக்கம், விரலால் மீட்டினால் லேசாக அதிர வேண்டும், அட்டை வளையக்கூடாது.

ஊடைக்கு, அதாவது பாவின் குறுக்கே நெய்யும் நூலுக்கு, உல்லன் நூல். ஒரு மீட்டர் துண்டு போதும், அதற்கு மேல் நீளமானால் சிக்கு எடுப்பதே வேலையாகிவிடும். ஊசி இல்லாவிட்டால் ஐஸ் குச்சி முனையில் துளை போட்டுக் கோக்கலாம். ஒரு பாவு மேலே, அடுத்தது கீழே. திரும்பி வரும்போது எதிராக. பிள்ளைக்குக் குழம்பும் இடம் ஓரம்தான். அதற்கு ஒரு அடையாளம் சொல்லிக்கொடுங்கள்: போன வரி ஓரப் பாவுக்கு மேலே முடிந்திருந்தால் இந்த வரி கீழே நுழைந்து தொடங்கும். ஒவ்வொரு வரியையும் முள்கரண்டியால் தட்டி முந்தின வரியோடு சேர்க்க வேண்டும்.

நெசவில் எல்லாப் பிள்ளைக்கும் வரும் கோளாறு ஒன்று உண்டு. பத்து வரி கடந்ததும் துணிக்கு இடுப்பு வந்துவிடும். ஓரங்கள் உள்ளே இழுபட்டு உடுக்கை மாதிரி ஆகிவிடும். காரணம், வரி முடிந்ததும் நூலை விறைப்பாக இழுப்பது. ஊடை நேர்க்கோட்டில் போவதில்லை, ஒவ்வொரு பாவின் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு உபரி நூல் வேண்டும். நேராக இழுத்துவிட்டால், தட்டும்போது அந்த உபரியை ஓரத்திலிருந்துதான் பிடுங்கிக்கொள்ளும். அதனால் நூலை ஒரு சின்ன மலை மாதிரி, நடு உயர்ந்து இருக்கும்படி தளர்வாகப் படுக்க வைத்து, பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்டச் சொல்லுங்கள். பாவு கட்டும் முன்பே அட்டையில் இருபுறமும் ஓரப் பாவு நிற்க வேண்டிய இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிட்டால், கோடு தெரிய ஆரம்பித்ததும் பிள்ளைக்கே தெரிந்துவிடும், நாம் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

நிறம் மாற்றும்போது புது நூலை ஓரத்தில் முடிச்சுப் போடாமல், பழைய நூலோடு 3 சென்டிமீட்டர் சேர்ந்து ஓடவிட்டால் அவிழாது. முடிந்ததும் பின்பக்கச் சின்னத் தையல்களை வெட்டி, பக்கத்துப் பக்கத்து நுனிகளை இரண்டிரண்டாக முடிந்துவிடலாம். உள்ளங்கை அளவுத் துணிக்கு நான்கைந்து நாள் பிடிக்கும்.

பலூன் மேல் காகிதக்கூழ்க் கிண்ணம்

இது மூன்று நாள் வேலை, நடுவில் அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

பசைக்கு அரை கப் மைதாவை அரை கப் குளிர்ந்த தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, கொதிக்கும் 2 கப் தண்ணீரில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் கிளறி இறக்க வேண்டும். மைதாவை நேரே கொதிநீரில் போட்டால் கட்டிதான் மிஞ்சும். ஒரு ஸ்பூன் உப்புச் சேர்த்தால் பூசணம் பிடிப்பது தாமதமாகும். ஆறியதும் கொடுங்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

செய்தித்தாளை வெட்டாமல் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம் நார் நாராக மெலிந்து அடுத்த கீற்றோடு படிந்துவிடும், வெட்டிய ஓரம் படி மாதிரி தூக்கி நிற்கும். தாளை ஒரு திசையில் கிழித்தால் ஸ்கேல் வைத்தது போல் நேராக வரும், மற்றத் திசையில் கன்னாபின்னாவென்று போகும். தாள் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படிவதால் வருவது அது. எந்தத் திசை என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், பிறகு 3 சென்டிமீட்டர் கீற்றாகக் கிழித்துக் குவிப்பதிலேயே ஒரு காலை போய்விடும்.

பலூனைச் சின்ன வாளி அளவுக்கெல்லாம் ஊத வேண்டாம், கை அகல உயரம் போதும். முடிச்சு கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் உட்கார வைத்து, கீற்றைப் பசையில் முக்கி, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து அதிகப் பசையை வழித்துவிட்டு, மேலே தெரியும் பாதி முழுக்க ஒட்டவும். முதல் அடுக்கு கறுப்பு எழுத்துத் தாள், இரண்டாவது அடுக்கு வண்ண விளம்பரப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டால், எங்கே அடுக்கு விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். முதல் நாள் இரண்டு அடுக்கு. அதோடு நிறுத்துங்கள். நான்கையும் ஒரே நாளில் போட்டால் வெளியே காய்ந்து, உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பூக்கும்.

வெயில் இருக்கிறதே என்று மொட்டை வெயிலில் வைக்காதீர்கள். சூட்டில் பலூனுக்குள் இருக்கும் காற்று விரிந்து பலூன் வெடிக்கும், அல்லது ஈரத்தாளைப் பிளக்கும். நிழலுக்கு வந்ததும் சுருங்கி, ஒட்டியது தோல் சுருங்கியது போல் ஆகிவிடும். காற்றாடும் நிழலில் ஒரு இரவு. மறுநாள் இன்னும் இரண்டு அடுக்கு. கடைசியாக வெள்ளைத் தாளில் ஓர் அடுக்கு ஒட்டிவிட்டால் எழுத்து மேலே தெரியாது, வண்ணமும் குறைவாகவே செலவாகும். விரலால் சுண்டினால் அட்டை மாதிரி ‘டொக்’ என்று கேட்டால் காய்ந்தது. பிறகு பலூனை முடிச்சருகே குத்தி மெல்லக் காற்றை விடுங்கள். பட்டென்று வெடித்தால் சில சமயம் உட்பக்கத் தாளையும் பிய்த்துக்கொண்டு வரும். கிழிந்த பலூன் துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். சின்னக் குழந்தை வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும். கிண்ணத்தில் தின்பண்டம் வைக்கக்கூடாது, பென்சில், மணி, ரப்பர் வைக்கலாம்.

மைதா இருக்கும்போதே உப்பு மாவையும் சொல்லிவிடுகிறேன். 2 கப் மாவு, 1 கப் தூள் உப்பு, முக்கால் முதல் ஒரு கப் தண்ணீர், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக. கல் உப்புப் போட்டால் மேற்பரப்பு சொரசொரவென்று வரும். அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். தினம் இரண்டு முறை திருப்பிப் போட்டு நிழலில் காயவைத்தால் இரண்டு மூன்று நாளில் கெட்டியாகும். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்து மறுபடி நமத்துப் போகும், மேலே வெள்ளைப் பசை ஒரு பூச்சு உதவும். வீட்டில் நாய் இருந்தால் இந்த மாவு அதற்கு எட்டக்கூடாது, அவ்வளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்து.

பெரிய பிள்ளைகளுக்கு

பத்து வயதுக்காரருக்குக் காற்றாடி கௌரவக் குறைச்சல். அவர்களுக்கு அசையும் படம் கொடுக்கலாம்.

எளிதானது சுழல் வட்டு. 1820களில் லண்டனில் தாமட்ரோப் என்ற பெயரில் விற்ற பொம்மை. 8 சென்டிமீட்டர் வட்ட அட்டை, ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கூண்டு. இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் துளையிட்டு ரப்பர் பேண்டு மாட்டி முறுக்கி இழுத்தால் பறவை கூண்டுக்குள் தெரியும். முதல் முறை பறவை கூண்டுக்குள் தலைகீழாகத் தொங்கும், சந்தேகமே வேண்டாம். ரப்பர் பேண்டு பக்கவாட்டில் இருப்பதால் அட்டை புத்தகப் பக்கம் போல் திரும்பாமல், தலைகுப்புறப் புரள்கிறது. அதனால் பின்பக்கப் படத்தைத் தலைகீழாக வரைய வேண்டும். அட்டையைப் பென்சில் நுனியில் ஒட்டி உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் மட்டும் இரண்டும் நேராக இருக்கலாம். இந்தக் குழப்பத்தைப் பிள்ளை தானே அவிழ்க்க அரை நாள் ஆகும். உதவிக்குப் போகாதீர்கள்.

அதைத் தாண்டியது புரட்டுப் புத்தகம். ஒட்டும் குறிப்புத்தாள் கட்டு ஒன்று, 24 தாள். கடைசித் தாளிலிருந்து வரையத் தொடங்க வேண்டும். அப்போதுதான் மேலே விழும் அடுத்த தாளில் கீழே உள்ள படம் மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்துக் கொஞ்சம் நகர்த்தி வரையலாம். ஒட்டாத ஓரத்தில் வரைந்தால்தான் புரட்டும்போது கண்ணில் படும். பிள்ளைகள் ஒவ்வொரு தாளிலும் உருவத்தை ஒரு விரல் அகலம் நகர்த்திவிடுவார்கள். நொடிக்குப் பன்னிரண்டு தாள் புரளும், ஆக 24 தாளும் இரண்டே நொடி. பெரிய தாவல் என்றால் பந்து குதிக்காது, மாயமாகி வேறிடத்தில் முளைக்கும். 3 அல்லது 4 மில்லிமீட்டர் நகர்வு போதும். முதல் படத்துக்கு மனித உருவம் வேண்டாம், ஒரு பந்து. தரையில் படும் தாளில் அதைக் கொஞ்சம் நசுக்கி வரைந்தால் ரப்பர்ப் பந்து, அப்படியே வட்டமாக விட்டால் இரும்புக் குண்டு.

பளிச்சென்ற மலிவு வண்ணத்தாள் கையில் இருந்தால், அதன் மேல் இலைகளையும் சாவியையும் வைத்துச் சின்னக் கற்களால் அழுத்தி, அசையாத இடத்தில் நாள் முழுக்க வெயில் காட்டிப் பாருங்கள். சுற்றி வெளுத்து, மூடிய இடம் மட்டும் நிறம் மாறாமல் நிற்கும். சீக்கிரம் சாயம் போகும் தாள்தான் இதற்கு உகந்தது. நல்ல தாள் வாங்கிவிட்டால் ஒன்றும் நடக்காது.

இதையெல்லாம் செய்த பிறகு தரை எப்படி இருக்கும் என்று தெரியும். காய்ந்த மைதாப் பசையைச் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியை மேலே போட்டுப் பத்து நிமிடம் விட்டால் ஊறி, துடைத்தாலே வந்துவிடும். வெள்ளைப் பசை துணியில் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள், வண்ணம் பட்டிருந்தால் காயும் முன் குளிர்ந்த தண்ணீர். மிச்சப் பசையைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், செய்தித்தாளில் வழித்துச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். அந்தச் சுருட்டுகிற வேலையையும் பிள்ளைகளுக்கே விடலாம், ஆசையாகச் செய்வார்கள்.